பரங்கிமலை வரை நடு ஸ்டாப்பர்

கீழ்க்கட்டளையில் ஏரியை ஒட்டிய மைதானம். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி வெயில். பந்து என் தலைக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. வலது பக்கம் பார்த்தேன், எங்கள் ஆள் யாரும் இல்லை. இடது பக்கம் பார்த்தேன், அங்கேயும் இல்லை. பின்னால் கோல் கம்பத்துக்கு நடுவில் எங்கள் கோலி குமார் இரண்டு கைகளையும் விரித்து, “அண்ணாத்த, ஓடு! ஓடு!” என்று கத்திக்கொண்டிருந்தான்.

ஓடினேன். அதாவது, ஓட்டம் என்று நான் இன்னமும் நம்பிக்கொண்டிருந்த ஒன்றைச் செய்தேன்.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் என் மூட்டுத் தைலத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுக் குரோம்பேட்டை வாசகர் ஒருவர் அதன் பெயரைக் கேட்டிருக்கிறார். சொல்ல மாட்டேன். இந்த வாரம் படித்து முடித்தால் ஏன் என்று அவருக்கே புரியும்.

அது முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டம். எனக்கு நாற்பத்தேழு. காலையில் கிளம்பும்போது என் மனைவி ஸ்டெல்லா வாசலில் நிறுத்தி ஒரு ஒப்பந்தம் போட்டிருந்தாள்.

“கப்பு ஜெயிச்சா அடுத்த வருஷமும் ஆடுங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். தோத்தா பூட்ஸைத் தூக்கிப் பரண்ல போட்டுடணும். ஞாயித்துக்கிழமை என்கூட சர்ச்சுல முதல் ஆராதனைக்கு வரணும். சரியா?”

சரி என்றேன். இருபது வருடங்களுக்கு மேலாக நான் இரண்டாவது ஆராதனைக்காரன். அதுவும் காலில் ஏரி மண்ணோடு, பிரசங்கம் பாதியில் இருக்கும்போது கடைசி பெஞ்சில் வந்து உட்காருகிறவன். இன்சூரன்ஸ் ஆபீஸில் நான் ஒரு டேபிள். வீட்டில் மின்சார பில் கட்டுகிற ஆள். மைதானத்தில் மட்டும்தான் பத்துப் பேர் என் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள். திட்டுவதற்குத்தான் கத்துவார்கள் என்றாலும் பெயர் என்னுடையதுதானே. அது போய்விடுமோ என்று எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

ஒரு ரயில் பெட்டியின் அணி

எங்கள் அணியின் பெயர் ‘தாம்பரம் ஃபாஸ்ட்’. பெயரைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம். தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் காலை மின்சார ரயிலில், முன்னாலிருந்து மூன்றாவது பெட்டியில், பல வருடங்களாகச் சேர்ந்து போகிறவர்கள் தொடங்கிய அணி. வேகம் ரயிலுக்கு இருந்தது. நாங்கள் அதைக் கடன் வாங்கிக்கொண்டோம்.

அந்தப் பெட்டியில் ஒரு சட்டம் உண்டு. எங்கேயும் எழுதி ஒட்டியிருக்காது. மூன்று பேர் சீட்டில் நான்கு பேர் உட்காருவோம். நான்காவது ஆளுக்குப் பாதி உடம்பு வெளியில்தான். தாம்பரத்தில் உட்கார்ந்தவர்கள் பரங்கிமலையில் எழுந்து, அதுவரை நின்றுகொண்டு வந்தவர்களுக்கு இடம் விட வேண்டும். பெயர்ப் பலகையில் பரங்கிமலை, எங்கள் வாயில் மவுண்ட். யாரும் யாரையும் “எழுந்திரு” என்று சொல்லக் கூடாது. அவரவராக எழ வேண்டும். மவுண்ட் வந்தும் எழாமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்த ஒருவரை நாங்கள் ஒரு மாதம் அரட்டையில் சேர்க்கவில்லை. அவர் பெட்டியையே மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

இந்தச் சட்டத்தில் பாதியை மட்டும் மைதானத்துக்குக் கொண்டு போனோம். அங்கேயும் யாரும் யாரையும் “வெளியே உட்காரு” என்று சொல்ல மாட்டோம். அவரவராக எழுந்து இடம் கொடுக்கும் பாதியை வசதியாக ரயிலிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம். அதனால் அணியில் ஒருமுறை இடம் பிடித்தவன் பிடித்தவன்தான்.

மோகன் என்று ஒருவன். தபால் ஆபீஸ்காரன், நாற்பத்தொரு வயது, நல்ல ஓட்டக்காரன். எங்கள் ரயிலுக்குத் தாமதமாக வந்து சேர்ந்த குற்றத்துக்காக, மூன்று வருடமாக ஞாயிறு தோறும் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். நான் அவனைப் பார்த்து, “பொறுமை வேணும் மோகன்” என்று அறிவுரை வேறு சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

டிபன் பாக்ஸ் பாடம்

எங்கள் கேப்டன், கோச், வாட்ஸாப் குழு அட்மின் மூன்றும் ஒருவரே. சம்பத். நுங்கம்பாக்கத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் மேனேஜர். ஐரோப்பாவில் எந்த மூலையில் யார் பந்தை உதைத்தாலும் மறுநாள் ரயிலில் சம்பத்தின் போனில் அது ஓடும். ‘விளையாட்டு’ என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. எப்போதும் ‘சிஸ்டம்’தான்.

இறுதி ஆட்டத்துக்குச் சில வாரங்களுக்கு முன் ஒரு நாள் காலை, சானடோரியம் தாண்டியதும் அவர் எல்லோருடைய டிபன் பாக்ஸையும் வாங்கித் தன் மடியில் இருந்த லேப்டாப் பையின் மேல் அடுக்கினார்.

“இனிமே நாலு பேர் டிஃபென்ஸ் கிடையாது. மூணு பேர். மாடர்ன் சிஸ்டம் சார் இது.”

என் டிபன் பாக்ஸ் நடுவில். அதன் இரண்டு பக்கமும் இன்னும் இரண்டு பாக்ஸ்கள், ஒட்டினாற்போல. இரண்டு ஓரத்திலும் தண்ணீர் பாட்டில்கள். அவை விங் பேக்குகளாம். பந்து நம்மிடம் இருந்தால் பாட்டில்கள் முன்னால் ஓட வேண்டும். பந்து போய்விட்டால் பின்னால் ஓடி வர வேண்டும்.

“ஜேக்கப் சார், நீங்கதான் நடு ஸ்டாப்பர். நீங்க ஓடவே வேணாம். நின்ன எடத்துலேர்ந்து கேமைப் படிங்க. உங்களுக்கு ரெண்டு பக்கமும் ஆள் இருக்கும்.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருட அனுபவத்துக்கு மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஓட வேண்டாம், படித்தால் போதும் என்று, கோலுக்கு முன்னால் எதிரியைத் தடுக்க வேண்டிய ஒரு ஸ்டாப்பரிடம் யாராவது சொன்னால் ஏன் என்று கேட்க வேண்டாமா? நான் கேட்கவில்லை. எலுமிச்சை சாதத்தோடு என் பாக்ஸ் நடுவில் அரசன்போல உட்கார்ந்திருந்தது. பல்லாவரம் வருவதற்குள் அதைப் பார்த்து இரண்டு முறை சிரித்துக்கொண்டேன்.

எங்கள் புறநகரில் புதுமை இப்படித்தான் வரும். ஒரு வீட்டில் மாடுலர் கிச்சன் போட்டால் ஆறு மாதத்தில் தெரு முழுக்க மாடுலர் கிச்சன். உள்ளே கொதிப்பது அதே சாம்பார்தான். மூன்று பேர் பின்வரிசை என்பதும் அப்படி ஒரு மாடுலர் கிச்சன் என்று ஸ்டெல்லாவிடம் கிண்டல் செய்தேன். நடுவில் நான் நிற்கப் போவதால் அதை ஏற்றுக்கொண்டேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

மூன்று பேர் இருந்தால் என்ன லாபம்

நான் ஆடத் தொடங்கிய காலத்தில் ஸ்டாப்பருக்கு ஒரே பாடம்தான். “உன் ஆள் யாருன்னு பாத்துக்கோ. அவன் தண்ணி குடிக்கப் போனாலும் பின்னாடியே போ.” நானும் போனேன். ஒரு ஆட்டத்தில் எதிரணி ஃபார்வர்டு பூட்ஸ் மாற்ற வெளியே போக, நானும் கோட்டைத் தாண்டிப் போய் அவன் பக்கத்தில் நின்றேன். ரெஃப்ரியே சிரித்துவிட்டார்.

அந்தப் பழைய பாடத்தோடு ஒப்பிட்டால் மூன்று பேர் முறையில் நல்லது இருக்கிறது. உள்ளதைச் சொல்ல வேண்டும். எதிரணியில் இரண்டு ஃபார்வர்டுகள் என்றால் நம்மிடம் மூன்று பேர். ஆளுக்கு ஒருவரைப் பிடித்த பிறகும் ஒருவர் மிச்சம். ஒருவர் முன்னால் போய்ப் பந்தைத் தொட்டால் பின்னால் இருவர் காவல். கோலியிடமிருந்து பந்தை வாங்கி நிதானமாக வெளியே கொடுக்கவும் ஆள் உண்டு. நடு மைதானத்திலும் ஒரு ஆள் கூடுதலாகக் கிடைக்கிறார்.

முதல் பாதியில் இவை எல்லாமே நடந்தன. எதிரணி கூடுவாஞ்சேரிக்காரர்கள். அடையாள அட்டைப்படி முப்பத்தாறு, முகத்தின்படி இருபத்தேழு. பனியன் முதுகில் எண்ணுக்கு மேலே வீட்டு மனை விளம்பரம். அவர்களுடைய இரண்டு ஃபார்வர்டுகளும் நேராக நடுவில் வந்தார்கள். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து அவர்களை நசுக்கினோம். நான் இரண்டு பந்துகளைத் தலையால் தட்டினேன். ஒரு பந்தைக் காலால் நிறுத்தி, தலை நிமிர்ந்து பார்த்து, பாஸ் கொடுத்தேன். ‘கேமைப் படித்தேன்’ என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

எங்கள் இடது விங் பேக் விக்னேஷ். முப்பத்தாறு வயது, தினமும் ஜிம். ஓரத்தில் யாரும் தடுக்காததால் கோடு வரை ஓடிப் பந்தை உள்ளே அடித்தான். எங்கள் ஃபார்வர்டு ஒருவன் காலை நீட்டினான். கோல். ஒன்றுக்குப் பூஜ்யம்.

இடைவேளையில் சம்பத் எங்களை வட்டமாக நிற்க வைத்து, “பாத்தீங்களா? சிஸ்டம்!” என்றார். நான் கைதட்டினேன். ஆமாம், முதலில் தட்டியது நான்தான்.

காலி மனை

கூடுவாஞ்சேரி அணியின் கோச் லுங்கி கட்டிய ஒரு மனிதர். லேப்டாப் பை எதுவும் இல்லை. கையில் பேப்பர் கப்பில் டீ. முதல் பாதி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. இடைவேளை முடிந்ததும் தன் இரண்டு ஃபார்வர்டுகளையும் கூப்பிட்டு, ஒருவனை வலது ஓரத்துக்கும் இன்னொருவனை இடது ஓரத்துக்கும் கையைக் காட்டினார். அவ்வளவுதான். மிச்ச டீயைக் குடிக்கப் போய்விட்டார்.

ஐரோப்பா முழுக்கச் சுற்றி வந்த எங்கள் சிஸ்டம் அந்த லுங்கிக்காரரின் இரண்டு விரலில் பிரிந்தது.

விஷயம் இதுதான். விங் பேக் முன்னால் போனால் அவன் பின்னால் ஒரு இடம் காலியாகும். அங்கே ஒருவன் போய் நின்றால், மூவரில் ஓரத்தில் இருக்கும் ஸ்டாப்பர் அவனைத் தேடிப் போக வேண்டும். இரண்டு ஓரத்திலும் ஆள் நின்றால் இரண்டு ஸ்டாப்பர்களும் போக வேண்டும். அப்போது நடுவில் ஒருவர் மட்டும் மிச்சம். மூன்று பேர் முறையின் பலமும் பலவீனமும் அந்த விங் பேக்குகளின் காலில் இருக்கிறது. அவர்கள் திரும்பி வந்தால் பின்னால் ஐந்து பேர். வராவிட்டால் ஒரே ஒருவர்.

விக்னேஷ் திரும்பி வரவில்லை. முதல் கோலுக்கு அவன் பெயரைச் சொல்லி ஏரிக்கரைப் பக்கம் நாலைந்து பேர் விசிலடித்திருந்தார்கள். அடுத்த விசிலுக்காக எதிரணி கோல் பக்கத்திலேயே குடியிருந்தான். முதுகில் மனை விளம்பரம் போட்டுக்கொண்டு வந்தவர்களிடம் போய்க் காலி இடத்தைக் காட்டினால் விடுவார்களா? வந்தார்கள், பார்த்தார்கள், பத்திரமே முடித்துவிட்டார்கள்.

முதல் பந்து ஓரத்திலிருந்து உள்ளே வந்தது. நான் நடுவில் தனியாக. ஒரு முழு மைதானத்தை ஒருவன் எப்படிப் படிப்பது? கோல். ஒன்றுக்கு ஒன்று.

அடுத்ததுதான் நான் ஆரம்பத்தில் சொன்ன பந்து. தலைக்கு மேல் போனது. பின்னாலிருந்து ஒருவன் என்னைக் கடந்தான். அவன் முதுகில் இருந்த விளம்பரத்தில் ‘பஸ் நிலையம் அருகில்’ என்ற வரி முழுதாகத் தெரிந்தது. அடுத்த நொடி எழுத்து சிறிதாகிவிட்டது. பாதியில் நான் ஓட்டத்தை நிறுத்தினேன். நின்றால் தெரிந்துவிடுமே என்று கைகளை மட்டும் ஆட்டிக்கொண்டே போனேன். ஓடுவதுபோல நடித்தேன். இத்தனை வருடத்தில் அப்படிச் செய்தது அதுதான் முதல் முறை. உடம்பு கூசியது.

இரண்டுக்கு ஒன்று. வலையிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு வந்த குமார் என்னைப் பார்க்கவில்லை.

குமார் வாயைத் திறந்தான்

வெயில் ஏறியிருந்ததால் ரெஃப்ரி தண்ணீர் இடைவேளை விட்டார். நான் பொங்கிக்கொண்டு வந்தேன்.

“இது என்ன சிஸ்டம்? ரெண்டு பக்கமும் ஆள் இருக்கும்னாரு. எங்க ஆளு? நாலு பேரு வெச்சு ஒழுங்கா ஆடிக்கிட்டிருந்தோம். இந்தக் கம்ப்யூட்டர்காரர் பேச்சைக் கேட்டு...”

குமார் பிராட்வேயில் ஒரு ஹார்டுவேர் கடையில் சரக்கு இறக்குகிறவன். எங்கள் அணியில் என் மீது உண்மையான பாசம் உள்ளவன். தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டே சொன்னான்.

“அண்ணாத்த, தப்பா நெனைக்காத. ஒனக்கோசரம்தான் இந்த மூணு பேர் மேட்டரே.”

“எனக்காகவா?”

“இன்னா பண்றது சொல்லு. ஒன்னால ஓட முடில. போன வருசமே எல்லாரும் பேசிகினோம், ஒன்ன குந்த வெச்சுட்டு மோகனை எறக்கலாம்னு. எவன் ஒன்கிட்ட வந்து சொல்றது? நம்ம பொட்டில அந்தப் பழக்கமே கெடியாதே. இந்தாளுதான் போன்ல தேடித் தேடி, ஓடாத ஆளை நடுவுல வெச்சு ஆடுறதுக்கு ஒரு வயி கீதுன்னு கண்டுபுட்ச்சாரு. பாவம், அதுக்காக எம்மா வீடியோ பாத்தாரு தெரியுமா?”

நான் சம்பத்தைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே கட்டியிருந்த ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தார்.

“நிஜமா சம்பத்?”

“சார், அது வந்து... சிஸ்டம்ல ஒரு ஃப்ளெக்ஸிபிலிட்டி...”

“என்னாலதானான்னு கேட்டேன்.”

அவர் தலை நிமிரவில்லை. “எனக்கு வேற வழி தெரியலை சார்.”

கோபம் வந்தது. வந்த கோபத்துக்குப் போக இடமில்லை. ஒரு ஆளிடம் ஒரு வார்த்தை சொல்லத் தயங்கிப் பதினொரு பேரின் இடத்தை மாற்றியிருக்கிறார்கள். இப்படி ஒரு கூத்து எங்கள் ரயில் பெட்டியில்தான் நடக்கும். ஆபீஸில் ஒருவருக்குக் கணக்கு வராவிட்டால் அவரை மாற்றுவார்கள். நாங்கள் அவருக்காகக் கணக்குப் பாடத்தையே மாற்றிவிட்டோம். அந்த ஆள் நான். அரசன்போல உட்கார்ந்திருந்ததே அந்த டிபன் பாக்ஸ், அதற்கு இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து நிற்க வைத்திருந்தார்கள்.

பூட்ஸ் ஞாபகம் வந்தது. பரண் ஞாபகம் வந்தது. நான் உள்ளேயே இருந்தால் இந்த ஆட்டம் தோற்கும். தோற்றால் என் கதை முடிந்தது. வெளியே வந்தாலும் முடிந்தது. கோட்டுக்கு வெளியே மோகன் வழக்கம்போலக் கைகட்டி நின்றுகொண்டிருந்தான். மூன்று வருடமாக அவன் நின்றுகொண்டு வருவதை நான் அன்றுதான் பார்த்தேன்.

“மோகன்,” என்று கூப்பிட்டேன். “மவுண்ட் வந்துருச்சு. வா.”

எல்லோருக்கும் புரிந்தது. மோகன் மட்டும் தயங்கி, “பரவால்ல சார், நீங்க இருங்க” என்றான். ரயிலிலும் அவன் அப்படித்தான் சொல்வான். நான் அதற்குள் கோட்டைத் தாண்டிவிட்டேன்.

மறுபடி நான்கு பேர் பின்வரிசை. விக்னேஷைக் குமார் தன் பாஷையில் பின்னால் வரவழைத்தான். அந்தப் பாஷையை இங்கே அச்சிட முடியாது. மோகன் ஓரத்தில் ஓடிய ஓட்டத்தில் லுங்கிக்காரர் டீ கப்பைக் கீழே வைத்துவிட்டார். கடைசி நேரத்தில் ஒரு கார்னர், பந்து சம்பத்தின் இடுப்பில் பட்டு உள்ளே போனது. அந்த கோலுக்கு எந்த சிஸ்டத்திலும் பெயர் கிடையாது. டைபிரேக்கர் பெனால்டியில் குமார் இரண்டைத் தடுத்தான். கப்பு எங்களுக்கு.

நான் துள்ளிக் குதித்தேன். ஒரு காலால் மட்டும்.

பரணும் பூட்ஸும்

வீட்டுக்குப் போனதும் ஸ்டெல்லா என் முகத்தைப் பார்த்தே, “தோத்தாச்சா?” என்றாள்.

“இல்ல, ஜெயிச்சாச்சு.”

“அப்புறம் என்ன? பேச்சுன்னா பேச்சு. அடுத்த வருஷமும் ஆடுங்க.”

நான் நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். உள்ளே போய்ப் பரணுக்குப் போடும் ஸ்டூலை எடுத்துக்கொண்டு வந்தாள். நான் பூட்ஸோடு ஏறும்போது மட்டும் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

பூட்ஸை மோகனுக்குக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பெருந்தன்மையாக இருக்கும். என்னுடையது எட்டாம் நம்பர், அவனுக்கு ஒன்பது. தியாகம் செய்வதற்கும் அளவு பொருந்த வேண்டியிருக்கிறது.

மாலையில் வாட்ஸாப் குழுவில் சம்பத் எழுதியிருந்தார்: ‘மூன்று பேர் சிஸ்டத்துக்குக் கிடைத்த வெற்றி. நன்றி நண்பர்களே.’ கீழே இருபது கட்டை விரல்கள். என்னுடையதும் ஒன்று.

திங்கட்கிழமை

மறுநாள் காலை அதே ரயில், அதே பெட்டி. ஜன்னலோரம் நான், பக்கத்தில் சம்பத், அடுத்து இரண்டு பேர். எதிரே மோகன் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தான். எல்லோரும் என்னிடம் தேவைக்கு மேல் அன்பாக இருந்தார்கள். ஒருவர் முறுக்கு கொடுத்தார். இன்னொருவர் என் பையை வாங்கி மேலே வைத்தார்.

பழவந்தாங்கல் தாண்டியது. பரங்கிமலை வந்தது. எழுந்தேன்.

சம்பத் என் கையைப் பிடித்தார். “சார், நீங்க உக்காருங்க. இனிமே நீங்க மவுண்ட்ல எழுந்திரிக்க வேணாம். நாங்க எல்லாரும் பேசிட்டோம்.”

“என்ன பேசினீங்க?”

“முட்டி வலியோட எதுக்கு சார்? மோகன் ஒண்ணும் நெனைக்க மாட்டான்.”

மோகன் வேகமாகத் தலையாட்டினான். குமார் வெளியே பார்த்தான்.

மைதானத்தை விட்டு வெளியே வந்தபோதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. மறுபடியும் எனக்குத் தெரியாமல் எனக்காக ஒரு கூட்டம் போட்டிருக்கிறார்கள்.

“சம்பத், எனக்கு முட்டுக் கொடுக்க ரெண்டு பேரை நிறுத்திப் பாத்தீங்க. ரெண்டு கோல் வாங்கினோம். போதாதா?” என்றேன். “மோகன், உக்காரு.”

மோகன் உட்கார்ந்தான். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கிண்டியில் கூட்டம் ஏறியது, மாம்பலத்தில் இன்னும் ஏறியது. எழும்பூர் வருவதற்குள் முழங்கால் விண்விண் என்று தெறித்தது. நான் இறங்கும் பூங்கா நிலையம் வரை நின்றுகொண்டேதான் போனேன்.

வலித்தது என்று அன்று அவர்களிடம் நான் சொல்லவில்லை. இந்தப் பத்திரிகையை அந்தப் பெட்டியில் நான்கு பேர் வாங்குகிறார்கள். படித்துத் தெரிந்துகொள்ளட்டும். தைலத்தின் பெயரைச் சொன்னால் ஆளுக்கொரு பாட்டில் வாங்கி வந்து நீட்டுவார்கள், அதனால்தான் சொல்லவில்லை. படித்துவிட்டு யாராவது எனக்கு இடம் போட்டு வைத்தால், அந்தத் தைலத்தை அவர்கள் தலையிலேயே தேய்த்துவிடுவேன்.